கேட்டபின் உருவாகும் பக்கம்

தமிழ் விக்கிப்பீடியாவில் தஞ்சைப் பெரிய கோயில் பற்றிய கட்டுரையைத் திறந்தால் தலைப்பு, படங்கள், ஓரத்தில் ஒரு தகவல் பெட்டி, பத்தி பத்தியாக உரை, அடியில் பகுப்புகள் என்று முழுப் பக்கம் ஒன்று திரையில் வருகிறது. அந்தப் பக்கத்தை அந்த வடிவில் யாரும் எழுதி வைக்கவில்லை. கட்டுரையின் உரை ஒரு தரவுத்தளத்தில் இருக்கிறது. தகவல் பெட்டியின் அமைப்பு தனியே வேறொரு பக்கத்தில் இருக்கிறது. படங்களில் பெரும்பாலானவை பொதுவகம் என்ற மற்றொரு தளத்தைச் சேர்ந்தவை. இதே கோயிலைப் பற்றி வேறு எந்தெந்த மொழிகளில் கட்டுரை உண்டு என்ற பட்டியல் விக்கித்தரவிலிருந்து வருகிறது. ஒருவர் பக்கத்தைக் கேட்கிறார். சர்வரில் உள்ள நிரல் இவற்றைத் திரட்டி ஒரே ஆவணமாகக் கோத்து அனுப்புகிறது. செய்தித்தளம், ரயில் முன்பதிவு, வங்கிக் கணக்கு, இணையக் கடை என்று இன்று நாம் புழங்கும் தளங்களில் பெரும்பாலானவை இப்படித்தான் இயங்குகின்றன. ஆனால் அவற்றின் உட்புறம் வெளியாருக்குத் தெரியாது. விக்கிப்பீடியா தன் நிரல்களையும் அட்டவணைகளின் அமைப்பையும் யாரும் படிக்கும்படி திறந்து வைத்திருக்கிறது. இந்த வேலையைக் கிட்டத்தில் பார்க்க அதைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது.

வலை தொடங்கிய நாளில் நிலைமை வேறு. ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் முன்வைத்த திட்டம் 1991இல் வெளியுலகுக்கு வந்தபோது, ஒரு பக்கம் என்றால் ஒரு கோப்பு. எச்.டி.எம்.எல். குறிகளோடு எழுதிய கோப்பு சர்வரின் வட்டில் கிடக்கும். உலாவி முகவரியைச் சொல்லிக் கேட்கும்; சர்வர் அந்தக் கோப்பை எடுத்து அப்படியே அனுப்பும். அனுப்புகிற சர்வருக்கு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிய வேண்டியதில்லை. இந்த ஏற்பாடு வேகமானது, பழுது குறைவானது. ஓர் ஆய்வுக் கட்டுரையையோ ஊர்க் கோயிலின் வரலாற்றையோ வெளியிட இன்றும் இதுவே போதும்.

பக்கங்கள் ஒன்றோடொன்று தொடர்புகொள்ளும்போதுதான் தொல்லை வருகிறது. ஆயிரம் பக்கமுள்ள தளத்தின் தலைப்பட்டையில் ஒரு வரியை மாற்ற வேண்டுமானால் ஆயிரம் கோப்புகளையும் திருத்த வேண்டும். தேடுசொல் ஒன்றைத் தட்டினால் அதற்குரிய முடிவுப் பக்கத்தை முன்கூட்டி எழுதி வைத்திருக்க முடியாது. என்ன சொல்லைத் தட்டுவார்கள் என்று எவருக்கும் தெரியாதே. ஒவ்வொருவருக்கும் அவரவர் கணக்கைக் காட்ட வேண்டிய தளத்தில் கோப்பு முறை அறவே உதவாது.

இதற்கு முதல் வழி 1993இல் பிறந்தது. அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் இயங்கிய என்.சி.எஸ்.ஏ. மையம் தன் வலை சர்வரில் சி.ஜி.ஐ. என்ற ஏற்பாட்டைச் சேர்த்தது. அதன்படி சில முகவரிகள் கோப்பைக் குறிக்காமல் நிரலைக் குறிக்கும். அந்த முகவரியைக் கேட்டால் சர்வர் அந்த நிரலை ஓட்டும், நிரல் எச்.டி.எம்.எல். உரையை அச்சிடும், அதையே சர்வர் உலாவிக்குத் தள்ளிவிடும். உலாவிக்கு வித்தியாசமே தெரியாது. கோப்பிலிருந்து வந்ததா, அந்த நொடியில் பிறந்ததா என்பதைப் பக்கத்தை வைத்துச் சொல்ல முடியாது. பின்னால் வந்த எல்லா வளர்ச்சிக்கும் இந்த மறைப்புதான் அடிப்படை. உலாவிகளில் எதையும் மாற்றாமல் சர்வர்ப் பக்கத்தில் எதை வேண்டுமானாலும் செய்துகொள்ளும் சுதந்திரம் நிரலாளர்களுக்குக் கிடைத்தது.

சி.ஜி.ஐ. நிரல்களில் பெரும்பாலானவை பெர்ல் மொழியில் எழுதப்பட்டன. உரையை வெட்டி ஒட்டுவதில் பெர்ல் கைதேர்ந்தது. 1995இல் வார்டு கன்னிங்காம் உருவாக்கிய முதல் விக்கி, அதாவது வாசகர்களே திருத்தும் தளம், பெர்லில் ஓடியது. 2001 ஜனவரி 15 அன்று ஜிம்மி வேல்ஸும் லாரி சாங்கரும் தொடங்கிய விக்கிப்பீடியாவும் கிளிஃபர்டு ஆடம்ஸ் எழுதிய யூஸ்மாட்விக்கி என்ற பெர்ல் நிரலின் மேல்தான் நின்றது. அதில் தரவுத்தளம் கிடையாது. ஒவ்வொரு கட்டுரையும் வட்டில் ஒரு கோப்பு. ஒருவர் கட்டுரையைக் கேட்டால் பெர்ல் நிரல் புதிதாகக் கிளம்பி, கோப்பைத் திறந்து, பக்கத்தை உருவாக்கிக் கொடுத்துவிட்டு மடியும். அடுத்தவர் கேட்டால் மறுபடி முதலிலிருந்து.

சில நூறு கட்டுரைகள் இருந்தவரை இது தாங்கியது. கட்டுரைகள் பத்தாயிரத்தைத் தாண்டியபின் திணறத் தொடங்கியது. தேடல் என்றால் கோப்புகள் அனைத்தையும் திறந்து பார்ப்பது என்று ஆயிற்று. திருத்தங்களின் பழைய வடிவங்களையும் அது நிரந்தரமாக வைத்திருக்கவில்லை. சில நாள் கழித்துத் துடைத்துவிடும். விக்கிப்பீடியாவின் முதல் மாதங்களில் யார் என்ன எழுதினார்கள் என்ற பதிவு நெடுங்காலம் தொலைந்ததாகவே கருதப்பட்டது. 2010 டிசம்பரில் டிம் ஸ்டார்லிங் என்ற நிரலாளர் பழைய காப்புக் கோப்புகளில் அதைக் கண்டெடுத்தார்.

வேறிரண்டு இடங்களில் நடந்த வேலைகள் இந்தச் சிக்கலைத் தீர்க்கக் காத்திருந்தன. ஒன்று, பி.எச்.பி. கிரீன்லாந்தில் பிறந்த ராஸ்மஸ் லெர்டார்ஃப் தன் சொந்தப் பக்கத்தை யார் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்க எழுதிய சிறு கருவிகளை 1995இல் பொதுவில் வைத்தார். இஸ்ரேலைச் சேர்ந்த ஸீவ் சுராஸ்கி, ஆண்டி குட்மன்ஸ் இருவரும் அதைத் திருத்தி எழுத, 1998இல் வந்த மூன்றாம் பதிப்பு முழு நிரல்மொழியாக நின்றது. அதன் புதுமை, எச்.டி.எம்.எல். பக்கத்தின் நடுவிலேயே நிரலை எழுதலாம் என்பது. பக்கத்தின் மாறாத பகுதி அப்படியே இருக்கும். மாற வேண்டிய இடத்தில் மட்டும் நிரல் வரிகள் அமரும். சர்வர் அந்த வரிகளை ஓட்டி, விளைவை அதே இடத்தில் பதித்து அனுப்பும். அப்பாச்சி என்ற வலை சர்வருக்குள் பி.எச்.பி. நிரந்தரமாகத் தங்கியிருக்கவும் முடிந்தது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் புதிதாகக் கிளம்பும் செலவு ஒழிந்தது. நிரல்மொழி வல்லுநர்கள் பி.எச்.பி.யை ஏளனம் செய்வதுண்டு. அதன் ஒழுங்கின்மை உண்மைதான். ஆனால் கணினி அறிவியல் படிக்காத லட்சக்கணக்கானோர் தாங்களே ஒரு தளத்தைக் கட்ட வழி திறந்தது அந்த மொழிதான். அந்தப் பெருமையை யாரும் குறைக்க முடியாது.

மற்றொன்று, தொடர்புசார் தரவுத்தளம். இதன் வேர் வலைக்கு இருபது ஆண்டுகள் முந்தையது. ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவுகளை எளிய அட்டவணைகளாக வைக்க வேண்டும். ஓர் அட்டவணையின் வரிசை மற்றோர் அட்டவணையின் வரிசையை அதிலுள்ள ஒரு மதிப்பால் சுட்ட வேண்டும். பயன்படுத்துபவர் தனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொன்னால் போதும், அதை வட்டின் எந்த மூலையிலிருந்து எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் பொறுப்பு. அக்கட்டுரையின் சாரம் இதுதான். அதே ஆய்வகத்தில் டொனால்டு சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் 1974இல் வகுத்த வினவல் மொழி பின்னர் எஸ்.க்யூ.எல். ஆயிற்று. 1995இல் பின்லாந்தின் மைக்கேல் விடேனியஸும் சுவீடனைச் சேர்ந்த இரண்டு தோழர்களும் மைஎஸ்க்யூஎல் என்ற தரவுத்தள மென்பொருளைத் தந்தார்கள். பெயரின் முதல் அசை விடேனியஸின் மகள் பெயர். அது இலவசமாகவும் எளிதாகவும் கிடைத்ததால் பி.எச்.பி.யோடு இயல்பாக இணைசேர்ந்தது.

2001இல் கொலோன் பல்கலைக்கழகத்தில் உயிரியல் மாணவராக இருந்த மாக்னஸ் மான்ஸ்கே, இந்த இரண்டையும் கொண்டு விக்கிப்பீடியாவுக்கென்றே ஒரு நிரலை எழுதினார். 2002 ஜனவரி 25 அன்று ஆங்கில விக்கிப்பீடியா அதற்கு மாறியது. கூட்டம் பெருகியதும் அதுவும் மூச்சு வாங்கியது. அதே ஆண்டு ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் அதைத் திருத்தி எழுதினார். அந்த வழியில் வந்த நிரலுக்குத்தான் மீடியாவிக்கி என்று பெயர். 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவை இயக்குவதும் அதுவே. இடையில் மைஎஸ்க்யூஎல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. விடேனியஸ் அதிலிருந்து கிளையாக மரியாடிபியைப் பிரித்தெடுத்தார். அதற்குப் பெயர் தந்தது இளைய மகள். 2013இல் விக்கிப்பீடியா அந்தக் கிளைக்கு மாறிக்கொண்டது.

தரவை அட்டவணைகளில் எப்படிப் பிரித்து வைப்பது என்பதுதான் இத்தகைய தளங்களில் மிகக் கடினமான தீர்மானம். விக்கிப்பீடியாவே இதில் ஒருமுறை பாதையை மாற்ற வேண்டியிருந்தது. தொடக்கத்தில் இரண்டே அட்டவணைகளில் கட்டுரைகள் இருந்தன: இப்போதைய வடிவங்களுக்கு ஒன்று, பழைய வடிவங்களுக்கு ஒன்று. ஒவ்வொரு வரிசையிலும் கட்டுரையின் தலைப்பும் உரையும் சேர்ந்தே இருக்கும். யாராவது ஓர் எழுத்தைத் திருத்தினால் முந்தைய உரை முழுவதையும் முதல் அட்டவணையிலிருந்து இரண்டாவதற்குப் பெயர்க்க வேண்டும். ஒரு கட்டுரையின் தலைப்பை மாற்றினால், அதன் ஆயிரக்கணக்கான பழைய வடிவங்களின் வரிசைகளிலும் தலைப்பைத் திருத்த வேண்டும். பெரிய கட்டுரை என்றால் அந்த வேலை முடியும்வரை தரவுத்தளமே தத்தளிக்கும்.

2005இல் இது மூன்று அட்டவணைகளாகப் பிரிக்கப்பட்டது. முதலாவது, பக்கங்களின் அட்டவணை. அதில் பக்கத்தின் எண், தலைப்பு, இப்போதைய திருத்தத்தின் எண் ஆகியவை மட்டும் இருக்கும். இரண்டாவது, திருத்தங்களின் அட்டவணை: எந்தப் பக்கம், யார் எழுதியது, எப்போது, என்ன சுருக்கக் குறிப்பு. மூன்றாவது உரைக்கு. தலைப்பு ஒரே இடத்தில் இருப்பதால் பெயர்மாற்றம் ஒரு வரிசையோடு முடிந்துவிடுகிறது. திருத்தம் என்றால் புதிய வரிசை ஒன்றைச் சேர்த்து, பக்கத்தின் அட்டவணையில் உள்ள எண்ணை அதற்குத் திருப்புவதுதான். பழைய உரையை யாரும் தொடுவதில்லை. ‘வரலாறு’ தத்தலை அழுத்தினால் இருபது ஆண்டுகளுக்கு முந்தைய வடிவமும் கிடைக்கிறது என்றால் அது இந்தப் பிரிவினையின் விளைவு. காட் சொன்ன ஒழுங்கின் உட்பொருளும் இதுவே: ஒரு செய்தி ஒரே இடத்தில் இருக்க வேண்டும், மற்ற இடங்கள் அதைச் சுட்ட மட்டும் வேண்டும். பிற்காலத்தில் அட்டவணைகள் இன்னும் பல்கின. உரைகள் சுருக்கப்பட்டுத் தனிச் சர்வர்களுக்குப் போயின. அடிப்படை மாறவில்லை.

இனி, ஒரு வேண்டுகோள் வந்தால் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம். வாசகர் ‘தஞ்சை’ என்ற தலைப்பைக் கேட்கிறார் என்று கொள்வோம். வலை முகவரியில் ரோமன் எழுத்துகளும் எண்களும் சில குறிகளும் மட்டுமே செல்லும் என்ற பழைய விதி இன்னும் நடப்பில் உண்டு. ஆகவே உலாவி அந்தச் சொல்லைக் குறியீடாக மாற்றுகிறது. கண்ணுக்கு மூன்றெழுத்தான ‘தஞ்சை’ யூனிகோடில் 5 குறிகள். ஒவ்வொன்றும் 3 பைட். ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக் குறியும் இரண்டு எண்ணெழுத்துமாக எழுதப்படும். மொத்தம் 45 எழுத்துகள். தமிழ்க் கட்டுரையின் இணைப்பை நகலெடுத்து அனுப்பும்போது புரியாத நீள்சரம் வருவது இதனால்தான். மீடியாவிக்கியில் தலைப்புக்கு 255 பைட் வரம்பு உண்டு. ஆங்கிலத்தில் அது 255 எழுத்து; தமிழில் 85 குறிகளோடு நின்றுவிடும்.

சர்வர் இந்தச் சரத்தைப் பிரித்து மீண்டும் தமிழாக்குகிறது. எல்லாக் கட்டுரைகளின் முகவரிகளும் உண்மையில் ஒரே பி.எச்.பி. நிரலுக்குத்தான் போய்ச் சேருகின்றன. நிரல் முதலில் தரவுத்தளத்திடம், பக்கங்களின் அட்டவணையில் இந்தத் தலைப்புள்ள வரிசையைக் கொடு என்று கேட்கிறது. லட்சக்கணக்கான வரிசைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினால் பக்கம் வர நேரம் பிடிக்கும். எனவே தரவுத்தளம் தலைப்புகளுக்கென ஒரு சுட்டுவரிசையைத் தனியே வளர்த்து வைத்திருக்கிறது, பெரிய நூலின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல. போயிங் நிறுவனத்தில் ருடால்ஃப் பேயரும் எட்வர்டு மெக்ரைட்டும் வகுத்த பி-மரம் என்ற அமைப்பில் அது அடுக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு கணுவிலும் நூற்றுக்கணக்கான கிளைகள் பிரிவதால், கோடி வரிசை உள்ள அட்டவணையிலும் மூன்று நான்கு படிகளில் உரிய இடத்தை அடையலாம். தளம் மெதுவாக இருக்கிறது என்று நிரலாளரிடம் புகார் போனால் அவர் முதலில் தேடுவது, சுட்டுவரிசை இல்லாமல் எந்த வினவல் ஓடுகிறது என்பதைத்தான்.

வரிசை கிடைத்ததும் அதிலிருந்து திருத்த எண், அதிலிருந்து உரை என்று நிரல் நகர்கிறது. கிடைக்கும் உரை வாசகர் பார்ப்பது போல இராது. இணைப்புகள் இரட்டைச் சதுர அடைப்புக்குள் இருக்கும். வார்ப்புருக்கள் இரட்டை நெளிவு அடைப்புக்குள் இருக்கும். தடித்த எழுத்துக்கு மேற்கோள் குறிகள் நின்றிருக்கும். இதை எச்.டி.எம்.எல். ஆக்குவதுதான் முழு ஓட்டத்திலும் பளுவான பகுதி.

வார்ப்புரு என்பது பல பக்கங்களில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பை ஓரிடத்தில் எழுதி வைப்பது. கோயில் கட்டுரைகளின் தகவல் பெட்டி ஒரு வார்ப்புரு. கட்டுரையில் கோயிலின் பெயர், ஊர், மூலவர் என்று மதிப்புகளை மட்டும் தந்திருப்பார்கள். நிரல் வார்ப்புருவைத் தரவுத்தளத்திலிருந்து எடுத்து அந்த மதிப்புகளை நிரப்புகிறது. அந்த வார்ப்புரு இன்னொன்றை அழைக்கும், அது மற்றொன்றை. விக்கிப்பீடியர்கள் நிரலாளர்களிடம் காத்திராமல் வார்ப்புருக்களுக்குள்ளேயே கணக்குப் போடவும் நிபந்தனை வைக்கவும் பழகியதால் அவை கடுஞ்சிக்கலாக வளர்ந்தன. நூற்றுக்கணக்கான மேற்கோள்கள் கொண்ட பெரிய கட்டுரைகள் உருவாகப் பல நொடிகள் எடுத்தன. பிரேசிலில் பிறந்த லுவா என்ற நிரல்மொழி 2013இல் விக்கிப்பீடியாவுக்குள் அனுமதிக்கப்பட்டு, சிக்கலான வார்ப்புருக்கள் அதில் திருப்பி எழுதப்பட்ட பின்பே நிலைமை சீரானது.

அடுத்து இணைப்புகள். இருக்கும் கட்டுரைக்கு நீல இணைப்பு, இல்லாத கட்டுரைக்குச் சிவப்பு இணைப்பு என்பது வாசகர் அறிந்ததே. எது இருக்கிறது, எது இல்லை என்பது கட்டுரையின் உரையில் எழுதியிருக்காது. பக்கத்தை உருவாக்கும்போது நிரல் அதிலுள்ள எல்லாத் தலைப்புகளையும் திரட்டித் தரவுத்தளத்திடம் மொத்தமாகக் கேட்கிறது. ஒவ்வொரு தலைப்புக்கும் தனித்தனியாகக் கேட்டால் இருநூறு இணைப்புள்ள கட்டுரைக்கு இருநூறு வினவல்கள் ஓடும். சேர்த்துக் கேட்பதில்தான் வேகம். புதிய நிரலாளர்கள் மிக அதிகமாகத் தவறுவது இந்த இடத்தில்தான். பத்துப் பதிவுகளோடு சோதிக்கும்போது வேகமாக ஓடும் தளம் பத்தாயிரம் பதிவு சேர்ந்ததும் படுத்துவிடுவதற்கு இது பழக்கமான காரணம்.

கட்டுரையின் உடல் தயாரானதும் அதைச் சுற்றிச் சட்டகம் அமைகிறது: மேலே தேடல் பெட்டி, ‘தொகு’, ‘வரலாறு’ தத்தல்கள், இடப்பக்கப் பட்டியல், கீழே உரிமக் குறிப்பு. பயனர் எந்தத் தோற்றத்தைத் தேர்ந்திருக்கிறாரோ அதற்கேற்ப இது மாறும். எல்லாம் சேர்ந்த ஆவணம் உலாவிக்குக் கிளம்புகிறது. அனுப்பி முடித்ததும் பி.எச்.பி. எல்லாவற்றையும் மறந்துவிடும்.

மறதி வலையின் பிறவிக் குணம். ஒரு வேண்டுகோளுக்கும் அடுத்ததற்கும் தொடர்பு கிடையாது. இரண்டையும் அனுப்பியவர் ஒருவரே என்று சர்வருக்குத் தெரியாது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மோன்டுல்லி இதற்குக் குக்கி என்ற தீர்வைத் தந்தார். கடவுச்சொல் சரியாக இருந்தால் சர்வர் ஊகிக்க முடியாத ஓர் எண்ணை உலாவியிடம் கொடுத்து வைக்கும். அடுத்த ஒவ்வொரு வேண்டுகோளோடும் உலாவி அதைத் திருப்பிக் காட்டும். அந்த எண்ணுக்குரிய பயனர் யார் என்ற விவரம் சர்வரிடமே இருக்கும். உள்நுழைந்தவருக்குப் பெயரும் அறிவிப்புகளும் காட்டும் பக்கம் இப்படித்தான் பிறக்கிறது.

எழுதுவது வாசிப்பதைவிட நுட்பமானது. ஒருவர் திருத்திவிட்டுச் சேமிக்கும் பொத்தானை அழுத்தியதும் நிரல் முதலில் பார்ப்பது, அவர் தொகுக்கத் தொடங்கிய பின் வேறு யாராவது அதே பக்கத்தைச் சேமித்துவிட்டார்களா என்பதை. அப்படியானால் அவர் தொடங்கிய வடிவம், இடையில் வந்த வடிவம், அவருடைய வடிவம் மூன்றையும் ஒப்பிட்டு, இருவரும் வெவ்வேறு இடங்களைத் தொட்டிருந்தால் தானே இணைத்துவிடும். ஒரே வரியைத் தொட்டிருந்தால் முரண்பாட்டைக் காட்டி அவரிடமே விட்டுவிடும். பிறகு திருத்த வரிசையைச் சேர்ப்பது, பக்க அட்டவணையின் எண்ணை மாற்றுவது, அண்மைய மாற்றங்களில் பதிவது ஆகியவற்றை ஒரே பரிவர்த்தனையாகச் செய்யும். நடுவில் மின்சாரம் போனாலும் எல்லாம் நடந்திருக்கும் அல்லது எதுவுமே நடந்திராது. பாதி நடந்த நிலை என்பது தரவுத்தளத்தில் கிடையாது. வங்கியில் ஒரு கணக்கில் கழிந்த பணம் மறு கணக்கில் ஏறாமல் போகக் கூடாது என்பதற்கும் இதே உத்தரவாதம்தான்.

சேமித்ததோடு வேலை முடிவதில்லை. புதிதாக ஒரு கட்டுரை பிறந்தால், அதுவரை அதைச் சிவப்பில் சுட்டிய பக்கங்கள் அனைத்தும் நீலத்துக்கு மாற வேண்டும். எந்தப் பக்கம் எந்தப் பக்கத்தைச் சுட்டுகிறது என்பதற்கு மீடியாவிக்கி தனி அட்டவணை வைத்திருப்பதால் அவற்றை உடனே கண்டுபிடிக்க முடிகிறது. ஆயிரக்கணக்கான கட்டுரைகள் பயன்படுத்தும் வார்ப்புருவைத் திருத்தினால் அத்தனையும் புதுப்பிக்கப்பட வேண்டும். இவ்வளவையும் முடித்துவிட்டுத்தான் பதில் அனுப்புவேன் என்று நிரல் அடம்பிடித்தால் திருத்தியவர் பல நிமிடம் காத்திருக்க நேரும். ஆகவே அந்த வேலைகள் ஒரு காத்திருப்பு வரிசையில் போடப்பட்டு, பின்னணியில் வேறு கணினிகளால் ஒவ்வொன்றாகச் செய்யப்படுகின்றன.

இவ்வளவு பாடுபட்டு உருவாக்கிய பக்கத்தை அடுத்த நொடியே வேறொருவர் கேட்கிறார். உள்நுழையாத வாசகர் என்றால் அவருக்குப் போக வேண்டியது அச்சு அசலாக அதே பக்கம். மீண்டும் உருவாக்குவது வீண். மாறும் பக்கங்களைத் தரும் பெரிய தளம் எதுவானாலும் அதன் திறமையில் பாதி, உருவாக்காமல் தப்பிப்பதில் இருக்கிறது. மீடியாவிக்கி உருமாற்றிய உரையைப் பிற்காலப் பயனுக்காகச் சேமித்துக்கொள்கிறது. அதற்கும் முன்னால், வாசகருக்கு அருகில், முழுப் பக்கங்களின் பிரதிகளை வைத்திருக்கும் கேஷ் சர்வர்கள் நிற்கின்றன. விக்கிப்பீடியாவின் முதன்மைத் தரவு மையங்கள் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலும் டெக்சாஸிலும் உள்ளன. ஆசிய வாசகர்களுக்காக 2018இல் சிங்கப்பூரில் ஒரு கேஷ் மையம் திறக்கப்பட்டது. அங்கே பிரதி இருந்தால் வேண்டுகோள் அமெரிக்கா போவதே இல்லை, பி.எச்.பி. ஓடுவதில்லை, தரவுத்தளம் அசைவதில்லை. 1991இல் செர்ன் சர்வர் கோப்பை எடுத்துக் கொடுத்தது போலவே பக்கம் போய்விடுகிறது. கட்டுரை திருத்தப்பட்டால் பழைய பிரதியை வீசிவிடுமாறு எல்லா மையங்களுக்கும் செய்தி பறக்கும். உள்நுழைந்தவருக்குப் பக்கம் தனிப்பட்டது என்பதால் இந்த முன்வரிசை அவருக்கு உதவாது. அவருடைய வேண்டுகோள் உள்ளே வரை சென்றுதான் திரும்பும்.

இந்த ஏற்பாட்டின் பலவீனம் 2009 ஜூன் 25 அன்று வெளிப்பட்டது. பாடகர் மைக்கேல் ஜாக்சன் இறந்த செய்தி பரவியதும் உலகமே அவர் பக்கத்துக்கு வந்தது. கூடவே திருத்தங்களும் குவிந்தன. ஒவ்வொரு திருத்தமும் சேமித்த பிரதியைச் செல்லாததாக்கியது. கட்டுரை நீளமானது, உருவாக்க நேரம் பிடிப்பது. பிரதி இல்லாத அந்த இடைவெளியில் வந்த ஒவ்வொரு வேண்டுகோளும் தானே பக்கத்தை உருவாக்கத் தொடங்க, நூற்றுக்கணக்கான கணினிகள் ஒரே பக்கத்தை ஒரே சமயத்தில் உருவாக்கிக்கொண்டிருந்தன. மற்ற கட்டுரைகளைக் கேட்டவர்களுக்குச் சர்வர் எஞ்சவில்லை. இதன்பின் டிம் ஸ்டார்லிங் ஒரு காவல் ஏற்பாட்டை எழுதினார். ஒரு பக்கத்தை ஒரு நேரத்தில் மிகச் சிலரே உருவாக்கலாம். மற்றவர்கள் சற்றே காத்திருக்க வேண்டும் அல்லது சில நொடி பழைய பிரதியைப் பெற்றுக்கொள்ள வேண்டும். சில நொடி பழையது கிடைப்பது எதுவுமே கிடைக்காததைவிட மேல் என்ற இந்தத் துணிவு சரியானது. ரயிலில் மீதமுள்ள இருக்கைகளைக் காட்டும் தளத்துக்கு அது பொருந்தாது. எந்தத் தரவு எவ்வளவு பழையதாக இருக்கலாம் என்பதை ஒவ்வொரு தளமும் தானே எடைபோட வேண்டும்.

தரவுத்தளத்திலும் இதே கேள்வி எழுகிறது. எழுதும் வேலை முழுவதும் ஒரு முதன்மைச் சர்வரில் நடக்கும். வாசிக்கும் வேலை அதன் பல நகல்களுக்குப் பகிரப்படும். நகல்கள் முதன்மையை ஒரு கணம் பிந்தித்தான் தொடரும். சேமித்தவர் தன் திருத்தத்தைப் பார்க்கப் போகும்போது இன்னும் செய்தி எட்டாத நகலிடம் போய்ச் சேர்ந்தால், திருத்தம் காணாமல் போய்விட்டதோ என்று பதறுவார். மீடியாவிக்கி அவர் கடைசியாக எழுதிய நிலையை நினைவில் வைத்து, அதுவரை வந்துசேர்ந்த நகலிலிருந்தே அவருக்குக் காட்டுகிறது. நகல்கள் அளவுமீறிப் பின்தங்கினால் தொகுப்பதையே சற்று நேரம் நிறுத்திவைக்கும்.

அந்நியர் தட்டச்சு செய்வதை நிரலுக்குள் விடுவதால் வரும் ஆபத்தும் உண்டு. தலைப்பு ‘தஞ்சாவூர்’ என்றுள்ள வரிசையைக் கொடு என்ற வினவலில், மேற்கோள் குறிகளுக்கு நடுவே வாசகர் தந்த சொல்லை நிரல் அப்படியே ஒட்டுகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒருவர் சொல்லுக்குப் பதிலாக ஒரு மூடும் மேற்கோள் குறியையும், அதன்பின் அட்டவணையை அழி என்ற கட்டளையையும் தட்டினால் தரவுத்தளத்துக்கு அது வாசகரின் சொல் என்று தெரியாது, கட்டளையென்றே எடுத்துக்கொள்ளும். எஸ்.க்யூ.எல். ஊடுருவல் எனப்படும் இந்த வித்தை 1998 முதலே பொதுவில் அறியப்பட்டது. தடுப்பதும் எளிது: கட்டளையை முதலில் தனியாகவும் மதிப்பைப் பின்னர் தனியாகவும் அனுப்பினால் இரண்டும் கலக்க வழியில்லை. ஒருவர் எழுதியதை இன்னொருவரின் திரையில் காட்டும்போதும் இதே கவனம் வேண்டும். அதில் ஒளிந்துள்ள நிரல் வரிகள் மற்றவர் உலாவியில் ஓடிவிடாதபடி சிறப்புக் குறிகளை வெறும் எழுத்தாக மாற்றியே அனுப்ப வேண்டும். மருந்து இவ்வளவு காலமாகத் தெரிந்திருந்தும் மக்களின் விவரங்கள் இந்த ஓட்டைகள் வழியே திருடப்படுவதற்கு அலட்சியம் தவிர வேறு காரணம் சொல்ல முடியாது.

மீடியாவிக்கியில் பார்த்த உறுப்புகள் எல்லாம் சிறிய அளவில் வேர்ட்பிரஸிலும் உண்டு. 2003இல் வந்த அந்த மென்பொருளும் பி.எச்.பி., மைஎஸ்க்யூஎல் இணையின் மேல் நிற்பதே. வேறு தளங்கள் பைத்தான், ஜாவா, ரூபி போன்ற மொழிகளில் எழுதப்பட்டிருக்கும். வேண்டுகோள், வினவல், வார்ப்புரு, கேஷ் என்ற வரிசை ஏறக்குறைய அதுவாகவே இருக்கும்.

கடந்த இருபது ஆண்டுகளில் கோக்கும் வேலையின் ஒரு பங்கு உலாவிக்கு இடம்பெயர்ந்திருக்கிறது. சர்வர் முழுப் பக்கத்துக்குப் பதிலாக வெறும் தரவை அனுப்புகிறது. உலாவியில் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல் அதைத் திரையில் உரிய இடத்தில் பொருத்துகிறது. தேடல் பெட்டியில் இரண்டு எழுத்து தட்டியதும் பக்கம் மாறாமலே பரிந்துரைகள் வரிசையாக விழுவது இந்த வழியில்தான். எதிர்த் திசையிலும் ஒரு போக்கு வலுத்திருக்கிறது. அடிக்கடி மாறாத தளங்களுக்கு, உள்ளடக்கம் மாறும்போது மட்டும் எல்லாப் பக்கங்களையும் ஒரே மூச்சில் உருவாக்கிக் கோப்புகளாகப் போட்டுவிடுகிறார்கள். 2007இல் தொடங்கிய கிவிக்ஸ் என்ற திட்டம் விக்கிப்பீடியாவுக்கே இதைச் செய்கிறது. உருவான கட்டுரைகளைச் சுருக்கி ஒரே கோப்பில் அடைத்துத் தருகிறது. தேடுவதற்கான சுட்டுவரிசையும் அதற்குள்ளேயே இருக்கும். இணையம் எட்டாத பள்ளிகளிலும் சிறைகளிலும் கப்பல்களிலும் அதைக் கணினியில் ஏற்றிப் படிக்கிறார்கள். அந்தப் பிரதியில் தொகுக்க முடியாது, வரலாறு இராது, அடுத்த தொகுப்பு வெளிவரும்வரை ஒரு சொல்லும் மாறாது. படிப்பதற்குச் சர்வரும் தரவுத்தளமும் தேவையில்லை.